லான்ஸ் நாயக் பதவி போனது தண்டனையாலா?

வாசகி கேள்வி: என் மாமனார் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி, 1980-களில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். பர்கூர் பக்கத்தில் எங்கள் வீட்டை இன்றும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றுதான் சொல்வார்கள். சென்ற ஆண்டு அவர் காலமானார். மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் பெறுவதற்காகப் பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்தோம். பணிப் பதிவின் நகலில் ஓரிடத்தில் 'அன்பெய்டு லான்ஸ் நாயக்' என்றும், அடுத்து 'சிப்பாயாகத் திரும்பினார்' என்றும், பிறகு மறுபடியும் 'லான்ஸ் நாயக்' என்றும் இருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை 'எக்ஸம்ப்ளரி' என்று போட்டிருக்கிறது. ஆனால் ஏதோ தப்புச் செய்துதான் பதவியை இறக்கியிருப்பார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமியார் சரியாகச் சாப்பிடுவதில்லை. லான்ஸ் என்றால் ஈட்டி என்கிறார் என் மகனின் பள்ளி ஆசிரியர். இ-சேவை மையத்தில் 'நாயக்' என்பதைப் பெயரோடு சேர்த்துப் பதிந்துவிட்டார்கள்; நீங்கள் நாயக்கரா என்றும் கேட்கிறார்கள். இந்தப் பதவிக்கு உண்மையில் என்ன பொருள்? அவருடைய சமாதிக் கல்லில் அதை எப்படி எழுதுவது?

பதில் (படைப்பிரிவு ஆவண அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, தருமபுரியில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஓய்வூதிய ஆலோசனை வழங்குபவர் எழுதுகிறார்):

மரியாதைக்குரிய சகோதரிக்கு,

பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் காத்திருக்க முடியாத கேள்வி ஒன்றுதான் என்பதால் அதற்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுத்து எழுதியுள்ள பதிவுகளில் உங்கள் மாமனார் தண்டிக்கப்பட்டார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. லான்ஸ் நாயக் ஆனவர் சிப்பாயாகத் திரும்புவதும், மறுபடியும் லான்ஸ் நாயக் ஆவதும் அந்தக் காலத்துப் பணிப் பதிவுகளில் சாதாரணமாகக் காணக்கூடியவை. இந்த வரிகளை உங்கள் மாமியாருக்கு இன்றே படித்துக் காட்டுங்கள். அந்தப் பதவி எங்கே பிறந்தது, எப்படிக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துவிட்டால், அது ஏன் வந்து போய் மறுபடி வந்தது என்பதும் தானாகவே விளங்கிவிடும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லான்ஸ் என்றால் ஈட்டி என்று ஆசிரியர் சொன்னது தவறில்லை; ஆனால் இந்தப் பதவியில் உள்ள ஈட்டி உடைந்த ஈட்டி. இத்தாலிய மொழியில் 'லான்ச்சா ஸ்பெட்ஸாட்டா' என்றால் உடைந்த ஈட்டி என்று பொருள். போர்க்களத்தில் எதிரியின் மேல் மோதித் தன் ஈட்டியை முறித்தவன், அதாவது சண்டை கண்டு பழகிய வீரன் என்ற மதிப்பில் அந்தப் பெயர் வழங்கியது. குதிரையை இழந்த குதிரைவீரன் ஒருவன், மறு குதிரை கிடைக்கும்வரை காலாட்படையோடு சேர்ந்து, அங்குள்ள சிறு தலைவனுக்குத் துணையாக நிற்பதும் உண்டு. அப்படிப்பட்டவனையும் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள். இந்தச் சொல் பிரெஞ்சுப் படைகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்றது. பிற்பாடு அதன் வால்பகுதி தேய்ந்து, 'லான்ஸ்' என்ற முன்பகுதி மட்டும் நிலைத்தது. சிறு குழுவின் தலைவரான கார்ப்போரல் என்ற பதவிக்கு முன்னால் அதைச் சேர்த்தபோது, கார்ப்போரலின் வேலையைச் செய்கிற, ஆனால் இன்னும் முழுக் கார்ப்போரல் ஆகாத வீரர் என்ற பொருள் கிடைத்தது. ஆங்கிலேயர் இங்கே தங்கள் படையின் லான்ஸ் கார்ப்போரலுக்கு நிகராக ஒருவரை அமர்த்த விரும்பியபோது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த நாயக் என்ற நம் பதவிக்கு முன்னால் அந்த ஒட்டை வைத்து லான்ஸ் நாயக் என்றார்கள்.

நாயக் என்பதன் வரலாறு நமக்கு நெருக்கமானது. நாயகன், தண்டநாயகன், படைநாயகன் என்று நாம் படித்தும் கேட்டும் பழகிய சொற்களுக்கெல்லாம் மூலமான வடமொழி 'நாயக' என்பதே அதற்கும் மூலம். முன்னின்று நடத்துபவன் என்று பொருள். விஜயநகர ஆட்சியில் நாயக்கர் என்போர் படை வைத்துக்கொண்டு நாட்டின் ஒரு பகுதியை ஆண்டவர்கள்; மதுரையிலும் தஞ்சையிலும் செஞ்சியிலும் அவர்கள் அரசர்களாகவே ஆனார்கள். அத்தனை உயர்ந்த பட்டம் இரண்டு பட்டை அணிந்த ஒரு படைவீரரின் பதவியாக எப்படி இறங்கி வந்தது என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி அது.

அதற்கு விடை தேட 17ஆம் நூற்றாண்டு மராட்டியப் படையைப் பார்க்க வேண்டும். சிவாஜியின் காலாட்படையில் 9 வீரர்களுக்கு ஒரு நாயக், 5 நாயக்குகளுக்கு ஒரு ஹவில்தார், அவர்களுக்கு மேல் ஜும்லேதார் என்று அடுக்கு அமைந்திருந்ததாக வரலாற்று நூல்கள் விவரிக்கின்றன. ஆக, சிறு குழுவை முன்னின்று நடத்துபவர் என்ற பொருளில் நாயக் என்ற பதவி ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே தக்காணத்துப் படைகளில் வேரூன்றிவிட்டது. இன்றைய காலாட்படையின் செக்‌ஷன் ஏறத்தாழ 10 பேர் கொண்டது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து வேலை வாங்கக்கூடிய குழுவின் அளவு முந்நூற்றைம்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் சிப்பாய்ப் படைகளை ஒழுங்குபடுத்தியபோது சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்ற உள்நாட்டுப் பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள். சுபேதார் என்பவர் முகலாய ஆட்சியில் ஒரு மாகாணத்தின் ஆளுநர். ஹவில்தார் என்பவர் மராட்டியரிடம் ஒரு கோட்டைக்கே பொறுப்பாளர். கம்பெனிப் படையில் மேலிடங்கள் அனைத்தும் வெள்ளை அதிகாரிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டதால், இந்தப் பட்டங்கள் எல்லாம் ஒருசேரக் கீழிறங்கின. நம் ஆட்சியர் அலுவலகத்தில் சிவப்புப் பட்டை குறுக்கே அணிந்து நிற்கும் தபேதாரைப் பார்த்திருப்பீர்கள். குதிரைப்படை மரபில் வந்த படைப்பிரிவுகளில் தஃபேதார் என்பது ஹவில்தாருக்கு இணையான பதவி. பட்டங்கள் இப்படித்தான் காலத்தோடு ஏறி இறங்குகின்றன. பழைய காகிதங்களில் 'ஜமேதார்' என்று கண்டால், அது இன்றைய நாயிப் சுபேதார் என்று கொள்ளுங்கள். விடுதலைக்குப் பின் மாறிய பெயர் அது.

கிருஷ்ணகிரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் மைசூர்ப் போரில் (1767–69) கம்பெனிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைச் சுற்றி வளைத்து நின்றபோது, எதிரணியின் தலைவரான ஹைதர் அலியை அன்றைய ஆங்கிலக் குறிப்புகள் 'ஹைதர் நாயக்' என்றே குறித்தன. கோட்டைக்கு வெளியே நின்ற கம்பெனிப் படையின் சிப்பாய் அணிகளிலும் நாயக்குகள் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் நாட்டையே ஆளும் தலைவருக்கும், மறுபக்கத்தில் ஒரு சிறு குழுவின் தலைவருக்கும் ஒரே பட்டம் வழங்கியது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியான பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் சென்னைப் படையின் அதிகாரிகளே. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு தன் தொடக்கமாகக் கொள்ளும் மெட்ராஸ் பயனியர் என்ற படை அணிகள் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1780இல் திரட்டப்பட்டவை. உங்கள் மாமனார் அந்த நெடிய வரிசையில் நின்றவர்.

இனி, பதவி வந்து போன கதைக்கு வருகிறேன். லான்ஸ் என்ற ஒட்டு பிறந்ததிலிருந்தே அது நிலையான பதவி உயர்வைக் குறிக்கவில்லை. யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் தம் தேவைக்கேற்ப ஒரு சிப்பாயிடம் ஒப்படைக்கும் பொறுப்பைத்தான் குறித்தது. அன்பெய்டு என்றால், அந்தப் பொறுப்புக்கென்று கூடுதல் ஊதியம் இல்லை என்று அர்த்தம். சட்டைக் கையில் கூர்முனை கீழ்நோக்கிய ஒரு பட்டை ஏறும், வேலையும் ஏறும், சம்பளம் மட்டும் சிப்பாயின் சம்பளமாகவே இருக்கும். நம் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலியாக இருக்கும்போது மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்துவிட்டு, நிரந்தரமானவர் வந்ததும் தம் வகுப்புக்குத் திரும்புகிறாரே, அதை யாரும் தண்டனை என்று சொல்வதில்லை. அதுபோலவே, ஒரு சிப்பாய் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டாலோ, நீண்ட பயிற்சிக்கு அனுப்பப்பட்டாலோ, அந்த இடத்துக்கான அனுமதி தீர்ந்தாலோ லான்ஸ் பொறுப்பு விலகும். போய்ச் சேர்ந்த இடத்தில் தகுதி கண்டு மறுபடியும் தருவார்கள். உங்கள் மாமனாருக்கு அது இரண்டாம் முறையும் தரப்பட்டிருக்கிறது. ஒழுங்கீனத்துக்காக இறக்கப்பட்ட ஒருவரை அடுத்த அதிகாரியும் தேடி எடுத்து அதே பொறுப்பில் வைப்பது அரிது.

தண்டனையால் பதவி இறக்கப்படுவதும் படையில் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது இப்படிச் சுவடில்லாமல் இருக்காது. எந்தச் சட்டப் பிரிவின்படி, எந்த நாளில், எந்த அதிகாரியால், என்ன தண்டனை என்று நடத்தைத் தாளில் தனியே எழுதப்பட்டிருக்கும். கடுமையான தண்டனைகளைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம் என்பதால், படைவீரர்களின் பேச்சில் 'ரெட் இங்க் என்ட்ரி' என்றாலே தண்டனை என்று பொருளாகிவிட்டது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதப்படும் நடத்தை மதிப்பீடு அந்தத் தாளைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் மாமனாருக்கு 'எக்ஸம்ப்ளரி' என்று, அதாவது முன்மாதிரியானவர் என்று, இருக்கும் மதிப்பீடுகளிலேயே உயர்ந்ததை எழுதியிருக்கிறார்கள். சிவப்பு மை ஏறிய தாளை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி அந்தச் சொல்லை எளிதில் எழுதிவிட மாட்டார். உறவினர் வாயில் வந்ததைக் காட்டிலும், பொறுப்புள்ள ஓர் அதிகாரி கையெழுத்திட்டு எழுதிய அந்த ஒரு சொல்லை நம்புங்கள்.

இது கடைசிப் பதவியா, சின்னப் பதவியா என்று யாரேனும் உங்கள் மகனிடம் கேட்டால் அவன் தயங்காமல் விளக்கட்டும். சிப்பாய்க்கு அடுத்த படி லான்ஸ் நாயக், கையில் ஒரு பட்டை. அதற்கடுத்து நாயக், இரண்டு பட்டை. அதற்கு மேல் ஹவில்தார், மூன்று பட்டை. அதன் பிறகு நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். வரிசையில் லான்ஸ் நாயக் இரண்டாவது படிதான். ஆனால் முதல் படியில் நிற்பவர் தம் ஒருவருக்கு மட்டும் பொறுப்பானவர்; இரண்டாவது படியில் காலை வைத்த அன்றே இன்னொருவருக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். நள்ளிரவில் காவல் மாற்றும்போது அடுத்த ஆளை எழுப்பி, அவருடைய துப்பாக்கியையும் உடையையும் பார்த்து, அழைத்துக்கொண்டுபோய் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, முந்தைய ஆளை விடுவித்துக் கூட்டி வருகிறவர் பெரும்பாலும் இந்த ஒரு பட்டைக்காரர்தான். தூங்கிவிட்டவன் யார், காய்ச்சலில் கிடப்பவன் யார், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்து பேச்சில்லாமல் இருப்பவன் யார் என்பதெல்லாம் அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசியவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டும் என்பதால், படையில் கடினமான பதவி உயர்வு இதுதான் என்பது என் கருத்து.

இந்தப் படியில் நின்றவர்கள் நாட்டுக்குச் செய்தது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1947–48 ஜம்மு காஷ்மீர்ப் போருக்காக வழங்கப்பட்ட பரம் வீர் சக்ரா விருதுகள் மொத்தம் ஐந்து. அவற்றில் ஒன்று நௌஷேராப் பகுதியில் உயிர்துறந்த நாயக் ஜாதுநாத் சிங்குக்கும், இன்னொன்று தித்வாலில் போரிட்ட லான்ஸ் நாயக் கரம் சிங்குக்கும் அளிக்கப்பட்டன. கரம் சிங் அந்த விருதை உயிரோடிருந்து பெற்ற முதல் படைவீரர்களில் ஒருவர். பின்னாளில் கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றார். 1971 டிசம்பரில் கங்காசாகர் சண்டையில் உயிர்நீத்த ஆல்பர்ட் எக்காவும் லான்ஸ் நாயக்தான்.

சாதிக் குழப்பத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். நாயக்கர், நாயுடு, நாயக் என்று நம் எல்லைப் பகுதிகளில் வழங்கும் குடும்பப் பெயர்களுக்கும் இந்தப் பதவிக்கும் மூலச்சொல் ஒன்றாக இருக்கலாம். மற்றபடி எந்தத் தொடர்பும் இல்லை. மேலே சொன்ன கரம் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர், ஆல்பர்ட் எக்கா ஜார்க்கண்டைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்; இருவருமே லான்ஸ் நாயக்காக இருந்தவர்கள். பதவி பெயருக்கு முன்னால் எழுதப்படும். பெயரின் பகுதி ஆகாது.

ஆனால் இ-சேவை மையத்தில் நடந்த பிழையை அப்படியே விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதவியைச் சுருக்கி எழுதும் எழுத்துகளைத் தலைப்பெழுத்து என்று நினைத்துப் பெயரோடு சேர்த்துவிடுவது நம் பக்கத்தில் நான் அடிக்கடி பார்க்கிற பிழை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றில் ஒன்றில் 'நாயக்' இருந்து மற்றவற்றில் இல்லாவிட்டால், ஓய்வூதியக் கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் வைத்துக்கொண்டு, அவற்றில் உள்ள பெயரே சரியான பெயர் என்று கொண்டு, பிழையான சான்றைக் கொடுத்த அலுவலகத்திலேயே திருத்த மனு கொடுங்கள். வாரிசுச் சான்று என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலைக் காட்டி விளக்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே அது சரியாகிவிட்டால் அலைச்சல் குறையும். திருத்த இயலாத பழைய ஆவணம் ஏதேனும் இருந்தால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் இணைக்கலாம். எல்லா மனுக்களிலும் அவருடைய படை எண்ணைத் தவறாமல் எழுதுங்கள்; பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண்ணை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓய்வூதியத் தொகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு குறிப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஊதிய அமைப்பில் சிப்பாயும் லான்ஸ் நாயக்கும் ஒரே நிலையில், அதாவது நிலை 3இல், தொடக்க ஊதியம் 21,700 ரூபாயில் இருக்கிறார்கள். நாயக் நிலை 4இல், 25,500 ரூபாயில் தொடங்குகிறார். ஆகவே நடுவில் பட்டை போய் வந்ததால் உங்கள் மாமியாருக்கு வரவேண்டிய தொகை குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் அட்டவணைகள் பதவி, பணிக்காலம், குரூப் (படையில் செய்த தொழிலின் பிரிவு) ஆகிய மூன்றையும் கொண்டு கணக்கிடப்படுபவை; எனவே பணியில் சேர்ந்த தேதியும் விடுவிக்கப்பட்ட தேதியும் ஓய்வூதிய ஆணையில் சரியாக உள்ளனவா என்பதையே முக்கியமாகப் பாருங்கள்.

சமாதிக் கல்லைப் பற்றிக் கேட்டது எனக்கு மனநிறைவாக இருந்தது. வீரனுக்குக் கல் நட்டு எழுதி வைப்பதில் நம் மண்ணுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன், தொறு மீட்டுப் பட்டான் என்று அந்த நடுகற்கள் பேசும். தொறு என்றால் மாட்டு மந்தை. யாருடைய படையில் யாராக நின்றான் என்பதை அந்தக் காலத்துக் கல்தச்சன் விடாமல் பொறித்தான். அதே முறையில் நீங்களும் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பணிக்காலம் என்ற வரிசையில் தமிழிலேயே எழுதலாம். 'லான்ஸ் நாயக்' என்று முழுமையாகப் பொறியுங்கள். சுருக்க எழுத்துகள் வேண்டாம், பேரப்பிள்ளைகள் காலத்தில் அவை மறுபடியும் தலைப்பெழுத்தாகப் படிக்கப்படும். 'முன்னாள்' என்ற அடைமொழியும் தேவையில்லை. ஓய்வு பெற்ற நாளில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதப்பட்ட பதவி எதுவோ அதையே பொறிக்க வேண்டும். மரியாதைக்காக நாயக் என்றோ ஹவில்தார் என்றோ உயர்த்தி எழுத வேண்டாம்.

குடும்ப ஓய்வூதிய மனுவுக்கு, கிருஷ்ணகிரியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மாமியாரையே அழைத்துக்கொண்டு செல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, மாமியாரின் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். ஓய்வூதிய ஆணையில் மாமியாரின் பெயர் மனைவி என்று பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். பதிவாகியிருந்தால், படைவீரர் ஓய்வூதியத்துக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்தில் இறப்பைத் தெரிவித்து மனுவை நேரடியாகத் தொடங்கலாம். பதிவாகாமல் இருந்தால், பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கு நல அலுவலகத்தின் வழியாகவே எழுத வேண்டும். அப்படி எழுதும்போது, லான்ஸ் பொறுப்பு வழங்கப்பட்டதும் விலக்கப்பட்டதும் எந்தக் காரணத்தால் என்று தெரிவிக்கும்படி, அவற்றுக்கான 'பார்ட் டூ ஆர்டர்' (படைவீரரின் பணி மாற்றங்களைப் பதியும் யூனிட் ஆணை) விவரத்தையும் தனியாக ஒரு வரியில் கேளுங்கள். விடை எழுத்தில் வந்ததும் அதன் நகல் ஒன்றை அந்த உறவினருக்கும் கொடுத்துவிடுங்கள்.